கோஜோவின் சட்டையில் குத்திய நோட்டு

1

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகை வெள்ளிக்கிழமையில் வந்தது. நீங்கள் நம் ஊர் மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருப்பீர்கள். அரக்கோணம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருப்பார்கள். சித்தூர்ப் பக்கத்து ஜனம் மஞ்சள் துணியோடு லாரி லாரியாக வந்து இறங்கியிருக்கும். நான் ஒஹாயோவில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு உத்தியோகம்.

ஒரு வாரம் முன்னாலேயே லீவு கேட்டுவிட்டேன். மேலதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. பண்டிகைப் பட்டியலை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். தீபாவளியே அதில் இல்லை, கிருத்திகை எங்கே இருக்கப் போகிறது?

"இது என்ன பண்டிகை?" என்றாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் மாதம் ஒன்று, அதில் ஒரு நட்சத்திரம், அந்த நாள் என்று.

"ஒரு நட்சத்திரத்துக்கா லீவு?"

"ஒன்றில்லை, ஆறு நட்சத்திரம் சேர்ந்த கூட்டம் அது" என்றேன். கிருத்திகை ஆறு பேர்தானே, நான் பொய் சொல்லவில்லை. ஆறு என்றதும் அவள் என்ன நினைத்தாளோ, அரை நாள் கொடுத்துவிட்டாள். மிச்ச அரை நாளை மத்தியானத்துக்கு மேல் வந்து ஒட்டித் தீர்க்க வேண்டும். அந்தக் காலை நேரத்து அரை நாளில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2

இந்தக் கல்லூரியில் வேலை செய்கிறவர்கள் ஒரு பாடத்தைச் சம்பளம் கட்டாமல் படிக்கலாம். இனாமாகக் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பவன் என்று நம் ஊரில் கேலி பேசுவார்களே, அந்த ரகம் நான். கோடை விடுமுறை வகுப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அம்மாளிடம் போய், "இதில் எது சுலபம்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. உலக இசை என்று ஒரு வகுப்பு இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் யாராவது நேரில் வந்து வாசிப்பார்கள், நீ உட்கார்ந்து கேட்டால் போதும் என்றாள். உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு மார்க் தருவார்கள் என்றால் எனக்கென்ன வலி? சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் உள்ளே போய் உட்கார்ந்து தலையைத் திருப்பினால், கடைசி வரிசையில் என் மகள் அமுதா.

அவள் அதே கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். கலைப் பாடம் ஒன்று கட்டாயம் எடுக்க வேண்டுமாம், அதைக் கோடையில் முடித்துவிடலாம் என்று அவளும் வந்திருக்கிறாள். அவளுக்கும் யாரோ அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், சுலபம் என்று. என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனால்கூட அப்படி ஒரு முகம் யாரும் காட்டியதில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் பேச்சுவார்த்தை.

"நீ வேற கிளாஸ் எடுத்துக்கம்மா, ப்ளீஸ்."

"நான் இன்னாடி பண்ணேன்? ஓரமா குந்திகினு பாட்டு கேட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும். நான் என்ன ராட்டினமா சுத்தினேன்?"

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். எந்தச் சண்டையிலும் எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்வார், கட்டுப் போடமாட்டார். "ரெண்டு பேரும் பணம் கட்டியாச்சு, ரெண்டு பேரும் போங்க" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போய்விட்டார். நான் பணம் கட்டவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஆனது. வகுப்பில் நான் அவளுக்கு அம்மா இல்லை, அவள் எனக்கு மகள் இல்லை. காரில் ஒன்றாக வருவோம், ஆனால் பெட்ரோல் பங்க் முனையில் அவள் இறங்கிக்கொள்வாள். நான் முன்வரிசை, அவள் கடைசி வரிசை. தமிழில் ஒரு வார்த்தை கிடையாது. முக்கியமாக, புடவை கிடையாது, பேன்ட் சட்டைதான்.

சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், வலித்தது. பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அம்மாவைக் கண்டால் கூச்சம் வருவது இந்த ஊர்க் காற்றில் இருப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டால் வலிக்காமல் போய்விடுமா? இவள் ஒருநாளும் என்னைத் திரும்பிப் பார்த்து, 'இவங்க என் அம்மா' என்று சொல்லாமலே வளர்ந்து போய்விடுவாளோ என்று அந்தக் கோடை முழுக்க எனக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது.

3

இதில் பெரிய வேடிக்கை, யாராலும் எங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. காரணம் பாஸ்போர்ட். நான் அதை எடுத்தபோது கல்யாணம் ஆகவில்லை, அதனால் என் பெயர் வள்ளியம்மா முனுசாமி. முனுசாமி என் நைனா. அமுதாவுக்கு அவள் அப்பா பெயர், தனசேகரன். இங்கே பின்னால் இருக்கிற பெயர்தான் குடும்பப் பெயர். ஆக நானும் என் வீட்டுக்காரரும் வேறு குடும்பம், நானும் என் மகளும் வேறு குடும்பம். இதைத் திருத்தக் கேட்டு நாலு ஆபீஸ் ஏறி இறங்கி, நாலாவது ஆபீஸில் இருந்தவன், "உங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டதா?" என்று அனுதாபத்தோடு கேட்ட பிறகு விட்டுவிட்டேன்.

வகுப்பு எடுக்கிற புரொபசர், தாடி வைத்த பெரியவர், என்னை "மிஸஸ் முனுசாமி" என்றுதான் கூப்பிடுவார். நைனாவின் பெண்டாட்டியாக்கிவிட்டார் என்னை. மலையடிவாரத்தில் பொதட்டூர்பேட்டை லுங்கி விற்றுக்கொண்டிருந்த மனுஷர், செத்து எத்தனையோ வருஷம் கழித்து அவர் பெயரை ஒஹாயோவில் மைக் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கேட்டிருந்தால், "மைக் செட்டு வாடகை யார் குடுக்கிறது?" என்றுதான் கேட்டிருப்பார். கடையில் ஒரு முழம் துணிக்கு அப்படிப் பேரம் பேசுவார்.

வகுப்பு நன்றாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிரேசில், ஒரு வெள்ளிக்கிழமை ஜப்பான். அமெரிக்கப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்பார்கள். யாரும் அசையமாட்டார்கள். பாட்டு முடிகிற வரை பொம்மை மாதிரி இருந்துவிட்டு, முடிந்ததும் கை தட்டுவார்கள். நானும் தொடையில் தாளம் போடுகிற கையை இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கப் பழகினேன்.

அடுத்த வாரம் ஆப்பிரிக்க ஃபியூஷன் என்று புரொபசர் சொன்னார். ஃபியூஷன் என்றால் பல ஊர் சங்கீதத்தைக் கலப்பதாம். ஊர் மேளமும் சாக்ஸபோனும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒன்றாக வாசிப்பார்களாம், இது புதுசாம். நான் வாயைத் திறக்கவில்லை. கிருத்திகைக்குப் பேரிகைத் தெருவா, சன்னதித் தெருவா, எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பக்கம் நாயனம், ஒரு பக்கம் பம்பை உடுக்கை, நடுவில் கிளாரினெட் வைத்த பேண்டு செட்டில் சினிமாப் பாட்டு, மேலே குழாய் ஸ்பீக்கரில் தெலுங்கு பஜனை. அத்தனையும் ஒரே காதில் விழும். அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

4

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, விபூதி இட்டு, மாம்பழக் கலரில் ஒரு நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு படி இறங்கினேன். அமுதா சீரியல் கிண்ணத்தோடு நின்றாள்.

"அம்மா. சாரியா? இன்னைக்கா?"

"இன்னைக்குதான்டி. கிருத்திகை."

"நாம பேசிக்கினது?"

"ஆங், பேசிக்கினோம். சாமிகிட்ட நீதான் போயி சொல்லணும், எங்கம்மா பேன்ட்டு போட்டுகினு கும்புடறாங்கன்னு."

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டாள். நான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பங்க் முனையில் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டு, யாரும் இறங்காததால் மறுபடி கிளப்பினேன்.

லீவுதான், ஆனால் இனாம் வகுப்பை விடுவேனா? வழக்கம்போல முன்வரிசை. இங்கே காலை பத்து மணி, அங்கே ராத்திரி ஏழரை. சரவணப் பொய்கையில் தெப்பம் புறப்படுகிற நேரம். அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தேன்.

வாசிக்க வந்தவர்கள் மூன்று பேர். மேளக்காரர் கோஜோ, கானா தேசத்தவர். நாற்பது வயசிருக்கும், நீலத்தில் பூப்போட்ட சட்டை, கால் நடுவில் ஒரு நெட்டை மேளம், கையில் குச்சி கிடையாது. சாக்ஸபோன்காரரும் கிடார்க்காரப் பையனும் இந்த ஊர்க்காரர்கள். கோஜோ முதலில் ஒரு இரும்பு மணியைக் கொடுத்து ஒரு மாணவனைத் தட்டச் சொன்னார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. அதை விடாமல் தட்டிக்கொண்டே இரு, நீ நின்றால் நாங்கள் எல்லோரும் விழுவோம் என்றார். பிறகு மேளத்தில் கை வைத்தார்.

எனக்கு எழுதத் தெரியவில்லை அதை. உள்ளங்கையால் ஒரு சத்தம், விரல் நுனியால் ஒரு சத்தம், முழங்கையைத் தோலில் அழுத்தி இழுத்து ஒரு சத்தம். அந்த மேளம் என்னமோ கேட்கிறது, சாக்ஸபோன் சுற்றி வளைத்து பதில் சொல்கிறது, கிடார் இடையில் புகுந்து சிரிக்கிறது. வேகம் ஏற ஏற மனுஷர் கழுத்தில் வேர்வை ஓடியது. கண் மூடியிருக்கிறது, கை மட்டும் நிற்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். பம்பைக்காரன் நம் வாசலில் நின்று வெளுத்து வாங்கும்போது யாராவது எழுந்து போய் அவன் சட்டையில் ஒரு நோட்டைக் குத்தியாக வேண்டும். கையில் கொடுக்க முடியாது, கொடுத்தால் அடி நின்றுவிடும், காவடி தூக்கினவனுக்குக் கால் நின்றுவிடும். முழத்துக்குப் பேரம் பேசுகிற நைனாவே அன்றைக்குக் கல்லாவைத் திறந்துகொண்டு ஓடுவார். "அவன் கை நோவ அடிச்சிகினு கீறான், நாம சும்மா கேட்டுகினு போனா அது திருட்டு இல்லியா?" என்பார். நல்ல வாசிப்புக்காரன் வெறும் சட்டையோடு நம் தெருவைத் தாண்டினால் அது தெருவுக்கே அவமானம்.

நான் யோசித்து எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. பர்சில் இருந்து ஒரு நோட்டு, வளையலில் மாட்டியிருந்த ஊக்கில் ஒன்று. நாலு எட்டில் போய்க் கோஜோவின் சட்டைப் பையோரத்தில் குத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

இரும்பு மணி தட்டிக்கொண்டிருந்த மாணவன் வாயைப் பிளந்தான். மணி நின்றது. அவர் சொன்ன மாதிரியே எல்லாம் விழுந்தது.

5

முன்வரிசையில் என் பக்கத்தில் டெனிஸ் என்று ஒரு கறுப்பினப் பெண், வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகப் படிக்கிறவள். அவள்தான் முதலில் பேசினாள். கோபத்தில் குரல் நடுங்கியது.

"அவர் நம் விருந்தாளி. தெருவில் தொப்பி வைத்து வாசிக்கிறவர் இல்லை. அவருக்கு எப்படி நீங்கள் சில்லறை போடலாம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு அர்த்தம் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் அவள் ஜனம் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால் அவள் கேட்டதில் நியாயமும் இருந்தது. புரொபசர் தாடியைத் தடவிக்கொண்டு, "மிஸஸ் முனுசாமி, கல்லூரியே அவர்களுக்கு மரியாதை செய்கிறது, தனியாகத் தருவது இங்கே வழக்கமில்லை" என்று மெதுவாகச் சொன்னார். கோஜோ சட்டையில் தொங்குகிற நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

எழுந்து நின்று விளக்கம் சொல்லப் பார்த்தேன். "என் ஊரில்... மேளம்... கை பிஸி..." அவ்வளவுதான் வந்தது. சோப்பு வாங்கவும் பஸ் கேட்கவும் கைகொடுக்கிற இங்கிலீஷ், மானம் போகிற நேரத்தில் காலை வாரிவிடும். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவமானமாக இருந்தது. அதைவிட, கடைசி வரிசையில் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை. நான் திரும்பவே இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அவங்க என்னோட அம்மா."

இங்கிலீஷில்தான் சொன்னாள். அறையே திரும்பியது. புரொபசர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அவங்க சில்லறை போடல" என்றாள் அமுதா. "எங்க ஊர்ல ஒரு மலை இருக்கு. அது மேல சாமி. வருஷத்துல ஒரு நாள் ஜனங்க மயிலைத் தோள்ல தூக்கிட்டு ஏறுவாங்க."

மயில் இல்லையடி, மயிலிறகு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். முப்பது அமெரிக்கப் பிள்ளைகள் உயிர் மயிலைத் தோளில் வைத்து மலையேறுகிற ஜனத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

"அவங்க ஏறி முடிக்கற வரைக்கும் மேளம் நிக்கக் கூடாது. கையில பணம் குடுத்தா வாங்கறதுக்கு நிறுத்தணும் இல்ல, அதனால சட்டையில குத்துவாங்க. அப்படிக் குத்தினா, நீ நிறுத்தாதேன்னு அர்த்தம். எனக்கு எட்டு வயசுல எங்க தாத்தா என்னைத் தூக்கிக் குத்த வெச்சார். எனக்குக் குத்தத் தெரியல. ஊக்கு அந்த மேளக்காரர் நெஞ்சுல ஏறிடுச்சு. ரத்தம் வந்துச்சு. அவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். ஆனா கை நிக்கல."

அந்த ஒரு தடவைதான் அவளை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தோம். கொசு கடிக்கிறது, கழிப்பறை சரியில்லை என்று வந்ததிலிருந்து போகிற வரை அழுதாள். இது அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று யாராவது சத்தியம் செய்திருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன்.  ரத்தம் வந்த சமாசாரம் எனக்கே தெரியாது. நைனா மறைத்துவிட்டார்.

6

எல்லோரும் கோஜோவைப் பார்த்தார்கள். அவர் சட்டையில் இருந்த நோட்டை எடுக்கவில்லை, நேராக்கிவிட்டார்.

"எங்கள் பக்கம் நெற்றியில் ஒட்டுவோம்" என்றார். "வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கல்லூரியில் குளிர்சாதனம் ஜாஸ்தி, வேர்வை காய்ந்துவிடும். ஊக்குதான் சரி." பிறகு டெனிஸைப் பார்த்து, "நீ எனக்காகக் கோபப்பட்டாய், அதற்கும் நன்றி. ஆனால் நான் இந்த நாட்டில் எத்தனையோ வருஷமாக வாசிக்கிறேன். எல்லோரும் முடிந்த பிறகு கை தட்டுவார்கள். நடுவில் எழுந்து வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்" என்றார்.

அப்புறம் மணிக்காரப் பையனிடம், "எங்கே விட்டாயோ, அங்கிருந்து பிடி" என்றார்.

இந்தத் தடவை முதலில் எழுந்தவள் டெனிஸ். நோட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "மன்னிச்சுக்கோங்க, ஊக்கு இருக்கா?" என்றாள். நம்மிடமா கேட்கிறாள்? வளையலில் ஒன்று, தாலிச் சரட்டில் ஒரு கொத்து. கழற்றிக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. சாக்ஸபோன்காரருக்கு, கிடார்ப் பையனுக்கு, மணி தட்டுகிறவனுக்குக்கூட. பணமில்லாத ஒருத்தன் சலவைக் கூப்பனைக் குத்தினான். வழக்கமில்லை என்று சொன்ன புரொபசரே பையெல்லாம் துழாவி, ஒன்றும் கிடைக்காமல், கேன்டீன் டோக்கனை எடுத்துக்கொண்டு வந்தார். டோக்கனில் ஓட்டை போட முடியாமல் அவர் திண்டாடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு குட்டைப் பெண் வந்து நின்றாள். சரட்டில் ஒன்றும் இல்லை, வளையலிலும் இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தோளில் முந்தானையைப் பிடித்திருந்த ஊக்கை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நைலக்ஸ் புடவையைக் கட்டினவர்களுக்குத் தெரியும், ஊக்கு இல்லாவிட்டால் அது தோளில் தங்காது. சரசரவென்று வழிய ஆரம்பித்தது. ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிடித்துக்கொண்டு எப்படித் தாளம் போடுவது?

பின்னாலிருந்து ஒரு கை வந்து முந்தானை மடிப்பை அப்படியே என் தோளோடு சேர்த்து அழுத்தியது. கடைசி வரிசையில் இருந்தவள் எப்போது இறங்கி வந்தாளோ.

"அசையாதம்மா, விழுந்துடும்" என்றாள். தமிழில், உரக்க. மேளச் சத்தத்தில் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அசையாம எப்டிடி இதைக் கேக்கறது?"

 அந்தப் பக்கம் கோஜோ, சட்டை முழுக்க நோட்டும் கூப்பனுமாகப் படபடக்க, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தார். அவள் சிநேகிதர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தோளில் அவள் பிடி இறுகியது.

"சரி, ஆடு" என்றாள். "நான் புடிச்சிகினுதான் இருக்கேன்."

ஊரில் நைனாவுக்குப் பயந்து ஒரு கிருத்திகைக்குக்கூட நான் ஆடினதில்லை. அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால், என் மகள் கைக்குள் நின்றுகொண்டு ஆடினேன்.